வயசாகவும் கூடாது, கத்தியும் படக் கூடாது: பிரபலங்களின் முகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வாரம் ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஒரே நடிகை, இரண்டு முகம். இடது பக்கம் இருபத்தைந்து வயசு, வலது பக்கம் ஐம்பதைத் தொட்ட வயசு, வலது பக்கத்து உதட்டைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கீழே, "பாவம், என்ன ஆச்சு இவங்களுக்கு?" என்று ஒரு வரியும் நாலு சிரிப்பு முகமும். நானும் சும்மா இருக்கவில்லை. இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, கண்ணோரம், கழுத்து, காது மடலுக்கு முன்னால் என்று ஒரு இடம் விடாமல் பார்த்தேன். பார்த்து முடித்த பிறகுதான் என் மேலேயே எரிச்சல் வந்தது. வயசு தெரியாமல் இருக்கப் பிரபலங்கள் முகத்தில் ஊசி போட்டுக்கொள்வது, அறுவை சிகிச்சை செய்துகொள்வது பற்றிப் பேச்சு எடுத்தாலே திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

யாரும் கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லையே, அவர்களாகத்தானே போய்ச் செய்துகொள்கிறார்கள்?

கட்டிப்போட்டு யாரும் ஊசி குத்துவதில்லை, சரிதான். ஆனால் இந்த அழுத்தம் உத்தரவு மாதிரி வராது, போகிற போக்கில் விழுகிற ஒரு பேச்சாகத்தான் வரும்.

ஹாலிவுட் நடிகை ஜேமி லீ கர்ட்டிஸ் இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு 25 வயசு. படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது, இன்றைக்கு இவரைப் படம் பிடிக்க மாட்டேன் என்றாராம். எல்லோர் முன்னாலும். படம் முடிந்ததும் கர்ட்டிஸ் போய்க் கண்ணுக்குக் கீழே அறுவை சிகிச்சை செய்துகொண்டார். செய்த உடனேயே அதற்காக வருத்தப்பட்டதாகவும் சொல்கிறார். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை, அப்போது கொடுத்த வலி மாத்திரை பழக்கமாகிப் பல வருஷம் பிடித்துக்கொண்டது, 1999இல்தான் அதிலிருந்து வெளியே வந்தார். 25 வயசுப் பெண்ணின் முகத்தில் என்ன வயசாகியிருக்கும், சொல்லுங்கள்.

இன்னொன்று, பிரிட்டனில் நடந்தது. மிரியம் ஓ'ரெய்லி, பிபிசியில் கிராமப்புற வாழ்க்கை பற்றிய ஒரு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர். நிகழ்ச்சியைப் பிரதான நேரத்துக்கு மாற்றும்போது ஐம்பது வயசைத் தாண்டிய அவரைக் கழற்றிவிட்டார்கள். தீர்ப்பாயத்துக்குப் போனார். அங்கே அவர் சொன்னது, ஹெச்டி ஒளிபரப்பு வரப்போகிறது, அந்தச் சுருக்கங்களைக் கொஞ்சம் கவனித்துக்கொள் என்று உடன் வேலை பார்த்தவர் தன்னிடம் சொன்னார் என்று. 2011 ஜனவரியில் வயசை வைத்துப் பாகுபாடு காட்டப்பட்டது உண்மை என்று தீர்ப்பு வந்தது. போய் முகத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு வா என்று அவரிடம் யாராவது எழுதிக் கொடுத்தார்களா? எழுத வேண்டிய அவசியமே இல்லை. கேமராவின் தரம் கூடுகிறது என்ற ஒரு வரி போதும், அந்தத் துறையில் இருக்கிறவருக்கு மீதி தானாகப் புரிந்துவிடும்.

ஹாலிவுட் நடிகை மேகி ஜில்லென்ஹால் 2015இல் சொன்னது இதைவிட எளிய கணக்கு. அவருக்கு வயசு 37. 55 வயசு நடிகருக்குக் காதலியாக நடிக்க அவருக்கு "வயசு அதிகம்" என்று சொல்லிவிட்டார்கள். பதினெட்டு வயசு வித்தியாசம் போதவில்லை போலிருக்கிறது.

ஆண்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாதா?

உண்டு, ஆனால் வேறு இடத்தில் பிடிக்கிறது. பெண்ணுக்கு முகம் முழுக்க என்றால் ஆணுக்குப் பெரும்பாலும் தலைமுடி. இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனி 2004 ஆகஸ்டில் தன் விருந்தாளியான டோனி பிளேரை வரவேற்க நெற்றியைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வந்து நின்றார், முடி நடவு செய்த தலையை மறைக்க. உலகமே அந்தத் துணியைத்தான் பார்த்தது. ஜெர்மனியின் கெர்ஹார்ட் ஷ்ரோடர் தான் முடிக்குச் சாயம் அடிப்பதாக வந்த செய்தியை எதிர்த்து நீதிமன்றத்துக்கே போனார், 2002இல் ஜெயிக்கவும் செய்தார். ஒரு நாட்டின் தலைவர் நரைமுடிக்காக வழக்குப் போடுகிறார் என்றால் அழுத்தம் இல்லை என்று சொல்ல முடியுமா? தென்கொரிய அதிபர் ரோ மூ-ஹியூன் 2005இல், பதவியில் இருக்கும்போதே, தொங்கிப்போன கண்ணிமைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மறைக்கவில்லை, வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நம் பக்கத்திலிருந்து ரஜினிகாந்த் பெயரை யாராவது சொல்லாமல் இந்தக் கேள்வி முடியாது. திரைக்கு வெளியே வழுக்கைத் தலை, வெள்ளைத் தாடி, ஒளிவுமறைவே கிடையாது. திரையில் விக்கும் மேக்கப்பும். ரசிகர்கள் இரண்டையும் கொண்டாடுகிறார்கள். அஜித் 2011இல் நரைத்த தலையோடு கதாநாயகனாக வந்ததும் அது "சால்ட் அண்ட் பெப்பர்" என்று ஒரு ஸ்டைலாகவே ஆகிவிட்டது. நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. அதே வருஷத்தில் அதே நரையோடு ஒரு கதாநாயகி வந்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்போம் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். ஹாலிவுட் நடிகை சாரா ஜெசிகா பார்க்கர் 2021இல் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டார்: தலை முழுக்க நரைத்த ஆண் நண்பர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் "நரை, நரை" என்று எல்லோரும் பேசுவது தன்னைப் பற்றி மட்டும்.

போடாக்ஸ் என்பதும் அறுவை சிகிச்சைதானா?

இல்லை, ஊசி. எல்லாவற்றையும் "பிளாஸ்டிக் சர்ஜரி" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

போடாக்ஸ், பாட்டுலினம் என்ற கிருமி உண்டாக்கும் நச்சு, மிகச் சிறிய அளவில். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் "சுருங்கு" என்ற செய்தியை அது தடுத்துவிடும். தசை சுருங்காவிட்டால் அதன் மேலிருக்கும் தோலும் மடியாது. முதலில் இதைப் பயன்படுத்தியவர்கள் கண் மருத்துவர்கள், மாறுகண்ணுக்கும் கட்டுப்படுத்த முடியாமல் துடிக்கும் இமைக்கும். கனடாவில் ஜீன் கேருதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண், புருவத்துக்கு நடுவே போட்டால் அங்கே இருக்கிற கோடு மறைகிறதே, அங்கேயும் போடுங்கள் என்று கேட்டாராம். கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். இரண்டு பேரும் சேர்ந்து 1992இல் கட்டுரை வெளியிட்டார்கள். 2002இல் அமெரிக்கா புருவ இடுக்குக் கோடுகளுக்கு இதை அங்கீகரித்தது.

நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, "கோபமாப் பாருங்க" என்பார் மருத்துவர். புருவம் நெருங்கி மடிப்பு விழும் இடங்களில் ஐந்து புள்ளி, மயிர் மாதிரி மெல்லிய ஊசி. பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். ஒரு வாரத்துக்குள் மறுபடி கோபமாகப் பார்க்கச் சொன்னால் முகம் கேட்காது. மூன்று நாலு மாசத்தில் தீர்ந்துவிடும், மறுபடி போக வேண்டும். நடிகருக்கு இது எவ்வளவு பெரிய விலை என்று யோசித்தால் கஷ்டமாக இருக்கிறது. க்ளோஸப்பில் வாழ்கிறவருக்கு, க்ளோஸப்பில் அசைய வேண்டிய தசையையே தூங்கவைக்கிறோம்.

சிலருக்கு முகம் ஏன் உப்பி, எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது?

அது பெரும்பாலும் ஃபில்லர். வயசானால் தோல் சுருங்குகிறது என்று மட்டும் நினைக்கிறோம், உள்ளே நடப்பது அதைவிடப் பெரிசு. கன்னத்துக் கொழுப்புத் திட்டுகள் வற்றுகின்றன, கீழே சரிகின்றன. கண்குழி எலும்பும் தாடை எலும்பும்கூட மெல்லத் தேய்கின்றன. கூடாரத்தின் கம்பு குட்டையானால் துணி தொங்குகிற மாதிரி. அந்தக் குறைந்த இடத்தை ஹையலுரானிக் அமிலம் என்ற கூழால் நிரப்புவதுதான் ஃபில்லர்.

கொஞ்சமாகப் போட்டால் யாருக்கும் தெரியாது. சிக்கல் எங்கே என்றால், ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் தெரிகிற முகம் போன தடவை நிரப்பிய முகம், அதுதான் "என் முகம்" என்று மனசு பழகிவிடுகிறது, அதிலிருந்து கொஞ்சம் வற்றினாலும் குறையாகத் தெரிகிறது, மேலும் கொஞ்சம் போடத் தோன்றுகிறது. ஹாலிவுட் நடிகை கோர்ட்னி காக்ஸ் இந்த வழியிலேயே போய், பழைய படங்களைப் பார்த்த பிறகுதான் தான் விசித்திரமாக இருந்தது தெரிந்தது என்று ஒத்துக்கொண்டார். போட்டதை எல்லாம் கரைத்துவிட்டதாக 2017இல் சொன்னார். ஹையலுரானிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டால் அந்தக் கூழ் கரையும்.

இப்போது இதில் இன்னொரு சுற்று சேர்ந்திருக்கிறது. எடை குறைக்கும் ஊசி போட்டுச் சட்டென்று மெலிகிறவர்களுக்கு முகத்துக் கொழுப்பும் சேர்ந்து போகிறது, முகம் ஒட்டி வயசு கூடினது போலத் தெரிகிறது, அதை நிரப்ப ஃபில்லர். மெலிந்தால் வயசு தெரியும், மெலியாவிட்டால் எடை தெரியும்.

ஃபேஸ்லிஃப்ட்?

இதுதான் உண்மையான அறுவை சிகிச்சை. காதுக்கு முன்னால் வெட்டி, காதைச் சுற்றிப் பின்னால் முடிக்குள் கொண்டுபோய், தோலைத் தூக்கி, அடியில் இருக்கும் தசை உறையை இழுத்துத் தைத்து, மிச்சத் தோலை வெட்டி எடுப்பார்கள். தோலை மட்டும் இழுத்தால், எதிர்க்காற்றில் நிற்கிறவர் மாதிரி முகம் ஆகும். 1976இல் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் அந்த அடி உறையை விவரித்த பிறகுதான் இந்த வேலை உருப்பட்டது. வீக்கமும் கன்றலும் அடங்க இரண்டு மூன்று வாரம். முகத்தை அசைக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் கை தேர்ந்தவர் வேண்டும். சுமார் பத்து வருஷம் தாங்கும், வயசாவது நிற்காது.

ஒருவர் செய்துகொண்டாரா இல்லையா என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. நாம் கண்டுபிடிப்பதெல்லாம் சரியாக வராத வேலையைத்தான், நன்றாக வந்ததைப் பார்த்து "ஆண்டவன் கொடுத்த முகம்" என்று சொல்லிக்கொண்டிருப்போம். லைட், லென்ஸ், எடை, தூக்கம் எல்லாமே முகத்தை மாற்றும். நடிகை ரெனே ஸெல்வெகர் 2014இல் ஒரு விழாவுக்கு வந்தார், ஆள் அடையாளமே தெரியவில்லை என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. கண்ணில் அறுவை சிகிச்சை எதுவும் செய்துகொள்ளவில்லை என்று 2016இல் அவரே உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. எழுதின பிறகும் நம்பாதவர்கள் நம்பவில்லை.

செய்துகொண்டதை ஏன் யாரும் ஒத்துக்கொள்வதில்லை? பொய்தானே கோபம் வரவைக்கிறது?

எனக்கும் அந்தப் பொய்தான் உறுத்துகிறது. "நிறையத் தண்ணி குடிப்பேன், நல்லாத் தூங்குவேன், அம்மாவோட மரபணு" என்று பேட்டி கொடுத்துவிட்டு, அடுத்த இடைவேளையில் அதே முகம் ஒரு க்ரீமை விற்கும். ஊசியால் வந்த முகத்தை டப்பாவில் இருப்பதாகச் சொல்லி விற்பது வியாபாரத்தில் மோசடி, அதில் சலுகை காட்டத் தேவையில்லை.

ஆனால் அந்தப் பொய்க்கு நாமும் பங்குதாரர்கள். ஒத்துக்கொண்டால் என்ன ஆகும்? "அப்போ எல்லாமே செயற்கையா?" என்போம். இந்தத் தொழிலில் எழுதப்படாத விதி ஒன்றுதான்: செய்ய வேண்டும், செய்தது தெரியக் கூடாது. முதல் பாதியைத் தொழில் கேட்கிறது, இரண்டாவது பாதியைப் பார்க்கிறவர்கள் கேட்கிறோம். 2023 கிராமி இசை விருது விழா மேடைக்குப் பாடகி மடோனா வந்தபோது வயசு 64. முகம் வீங்கியிருக்கிறது என்று அன்றைக்கு ராத்திரியே கிழித்துத் தொங்கவிட்டார்கள். சுருக்கத்தோடு வந்திருந்தால் விட்டிருப்பார்களா? "வயசாயிடுச்சு, வீட்டில் உட்காரலாமே" என்று அதே ஆட்கள் அதே வேகத்தில் எழுதியிருப்பார்கள்.

வெளிப்படையாகப் பேசியவர்களும் இருக்கிறார்கள். நடிகை ஜேன் ஃபோண்டா தான் ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்டதை மறைக்கவில்லை. அதில் பெருமை ஒன்றும் இல்லை, முகம் கோணிப்போக விருப்பமில்லாமல் நிறுத்திவிட்டேன் என்றும் சொன்னார். அந்தப் பேச்சு பத்து மறுப்பு அறிக்கையைவிட உபயோகமானது. கேட்கிற இளம்பெண்ணுக்கு, அந்த முகம் தூக்கத்தால் வந்ததில்லை என்றாவது தெரியும்.

செய்யவே மாட்டேன் என்று நின்றால் என்ன ஆகும்?

ஆளைப் பொறுத்தது, அதைவிட அவர் கையில் இருக்கும் பலத்தைப் பொறுத்தது. நடிகை கேட் வின்ஸ்லெட் 2021இல் வெளிவந்த ஒரு தொடரில் நடித்தபோது, வயிறு பிதுங்கித் தெரிகிற காட்சியை வெட்டிவிடலாம் என்றார் இயக்குநர், கூடவே கூடாது என்றார் இவர். விளம்பரப் படத்தில் முகத்தை மழமழவென்று ஆக்கி அனுப்பியபோது இரண்டு தடவை திருப்பி அனுப்பினார், கண்ணோரம் எத்தனை கோடு இருக்கிறதென்று எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் திரும்பப் போடுங்கள் என்று. நடிகை பமேலா ஆண்டர்சன் 2023 பாரீஸ் ஃபேஷன் வாரத்தில் மேக்கப்பே இல்லாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆஸ்கர் வாங்கினவருக்கும் உலகம் முழுக்கத் தெரிந்தவருக்கும் அந்தத் துணிச்சலுக்கான இடம் இருக்கிறது, நாலாவது படத்துக்கு அலைகிறவருக்கு அது இல்லை.

பெரிய பெயர் இருந்தாலும் எல்லோருக்கும் நடப்பதில்லை. கனடாவின் செய்தி வாசிப்பாளர் லிசா லாஃப்ளாம், ஒரே நிறுவனத்தில் 35 வருஷம். பெருந்தொற்று ஊரடங்கில் சாயம் அடிக்கப் போக முடியாமல் நரையை அப்படியே விட்டார், பார்த்தவர்கள் பாராட்டினார்கள். 2022இல், 58 வயசில், ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிட்டார்கள். வயசோ நரையோ காரணமில்லை என்றது நிறுவனம். நரைக்கு யார் அனுமதி கொடுத்தது என்று மேலதிகாரி கேட்டதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. எது உண்மை என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நரையை டை அடிக்காமல் விடலாமா என்று அன்றைக்கு யோசித்துக்கொண்டிருந்த மற்ற வாசிப்பாளர்கள் என்ன முடிவெடுத்திருப்பார்கள் என்பதைத்தான் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆபத்து எவ்வளவு?

நல்ல கையில் பெரும்பாலானவை ஒழுங்காகவே முடிகின்றன, பயமுறுத்த விருப்பமில்லை. ஆனால் "சின்ன வேலை" என்பதுதான் ஆபத்தான வார்த்தை. ஃபில்லர் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் கருகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். அமெரிக்க ராப் பாடகர் கன்யே வெஸ்டின் தாயார் டோண்டா வெஸ்ட் 2007 நவம்பரில், கொழுப்பு நீக்கமும் மார்பக அறுவை சிகிச்சையும் செய்துகொண்ட மறுநாள் இறந்துபோனார், வயசு 58. இதய நோய் இருந்தது. அதற்கப்புறம், இப்படிப்பட்ட அறுவை சிகிச்சைக்கு முன்னால் உடல் பரிசோதனை கட்டாயம் என்று கலிஃபோர்னியா 2009இல் சட்டமே கொண்டுவந்தது.

கத்தி இல்லாததும் கவிழ்க்கும். 1990களின் பெரிய மாடல் லிண்டா இவாஞ்சலிஸ்டா கொழுப்பை உறையவைத்துக் கரைக்கும் சிகிச்சை எடுத்தார். கரைய வேண்டிய கொழுப்பு நேர்மாறாகக் கெட்டியாகி வளர்ந்துவிட்டது. அபூர்வம்தான், ஆனாலும் தெரிந்த பக்கவிளைவு. சில வருஷம் வெளியே தலைகாட்டவே இல்லை. 2021இல் பொதுவில் சொன்னார், வழக்குப் போட்டார், 2022இல் சமரசமானது. அந்த வருஷமே பிரிட்டிஷ் வோக் என்ற ஃபேஷன் பத்திரிகையின் அட்டையில் வந்தார், முகத்தையும் தாடையையும் கழுத்தையும் டேப் போட்டுப் பின்னால் இழுத்துக் கட்டி. நிஜத்தில் என் தாடை இப்படி இல்லை என்று அந்தப் பேட்டியிலேயே சொன்னார். உடம்பைக் கெடுத்துக்கொண்டு மீண்டு வந்த பெண்ணுக்கும் அட்டைப்படத்துக்கு டேப் தேவைப்பட்டது.

இனி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளுமே, கத்தி எதற்கு?

ராபர்ட் டி நீரோ, ஹாரிசன் ஃபோர்ட் எல்லாம் திரையில் முப்பது நாற்பது வயசு குறைந்து வந்தாயிற்று. ஆனால் படத்தில் இளமையாக்கப்பட்டவர் விமான நிலையத்தில் தன் சொந்த முகத்தோடுதான் நடக்க வேண்டும், அங்கேயும் செல்போன் இருக்கிறது. இடைவெளி கூடக்கூட அழுத்தமும் கூடும் என்றுதான் எனக்குப் படுகிறது. நார்வேயில் உடம்பையோ தோலையோ திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும், 2022 ஜூலையிலிருந்து சட்டம். நடிகர்கள் கேட்டால் இணையதளம் வயசை எடுத்துவிட வேண்டும் என்று கலிஃபோர்னியா 2016இல் ஒரு சட்டம் போட்டது, பேச்சுச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. வயசை மறைத்தால் வாய்ப்புக் கிடைக்கும் என்று சட்டமன்றமே நினைத்த தொழில் இது.

கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவர்களின் கவலை, நமக்கென்ன?

அவர்களுக்காக அழச் சொல்லவில்லை. ஐம்பது வயசு முகம் எப்படி இருக்கும் என்று நமக்கு யார் காட்டுகிறார்கள்? திரையில் பார்க்கிற ஐம்பது எல்லாம் திருத்தின ஐம்பது என்றால், கண்ணாடியில் தெரிகிற நம்முடைய சாதாரண நாற்பதே நோய் மாதிரித் தோன்றும். அளவுகோலே பொய்யாகிவிடுகிறது. இங்கிலாந்தில் 18 வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அழகுக்காக போடாக்ஸ், ஃபில்லர் போடுவதை 2021 அக்டோபரிலிருந்து சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. கோடே விழாத நெற்றிக்குக் கோட்டை அழிக்கிற ஊசி.

நீங்கள் செய்துகொள்வீர்களா?

தெரியாது. என் முகத்தை வைத்து யாரும் எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை, அதனால் "மாட்டேன்" என்று வீராப்புப் பேசுவது எனக்குச் சுலபம்.

அந்தப் படத்தை அனுப்பினாரே ஒரு நண்பர், அவருக்கு என்ன பதில் போட்டீர்கள்?

ஒன்றும் பிரமாதமாகப் போடவில்லை. "அவங்களுக்கு இப்ப வயசு 52" என்று மட்டும் எழுதினேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் வந்தது: "52ஆ! சும்மா சொல்லாதீங்க, பார்த்தா நாற்பதுதான் மதிக்கலாம்."